படகில் உள்ள ஆக்ஸிஜன் எத்தனை நிமிடம் வரும்?

ஸ்கூபா டைவ் செய்து மேலே வந்தவருக்கு, உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழாகி டிகம்ப்ரஷன் நோய் (டிசிஎஸ்) வந்தால் முதலுதவி ஆக்ஸிஜன்தான். டைவ் படகில் "ஆக்ஸிஜன் இருக்கா?" என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. இருக்கைக்கு அடியில் ஒரு பெட்டியைக் கைகாட்டுவார்கள். அதோடு நிறுத்திக்கொள்ளாமல் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எத்தனை நிமிடம் வரும்? எத்தனை பேருக்கு வரும்? அதை மாட்டத் தெரிந்தவர் தண்ணீருக்குள் இருக்கும்போது மேலே யார் இருப்பார்? மூன்றுக்கும் உடனே பதில் வராத படகில் இருப்பது வெறும் பெட்டிதான்.

முதல் கேள்விக்குக் கணக்கு எளிது. சிலிண்டரின் நீர்க் கொள்ளளவை லிட்டரில் எடுத்து, மீட்டர் காட்டும் அழுத்தத்தை பாரில் எடுத்துப் பெருக்கினால் உள்ளே இருக்கும் வாயுவின் அளவு கிடைக்கும். 2.5 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 500 லிட்டர். கடைசி 20 பாரை நம்பக் கூடாது. அதைக் கழித்தால் 450. நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் கொடுத்தால் முப்பதே நிமிடம். அமெரிக்க அளவில் 'இ' எனப்படும் சிலிண்டர் நிறைந்திருக்கும்போது சுமார் 680 லிட்டர் பிடிக்கும். அதுவும் முக்கால் மணி நேரத்தில் காலியாகிவிடும்.

இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து வருவோம். நீங்கள் போகும் டைவ் இடங்களிலேயே தொலைவானதை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் இருக்கும் மற்றவர்களை மேலே ஏற்றி நங்கூரம் எடுக்க 20 நிமிடம், கரைக்கு 90 நிமிடம், கரையிலிருந்து மருத்துவமனைக்கு 40 நிமிடம் என்று வைத்தால் மொத்தம் 150 நிமிடம். 15 லிட்டர் வீதம் 2,250 லிட்டர் தேவை. அந்த 2.5 லிட்டர் சிலிண்டரில் ஐந்து வேண்டும். 10 லிட்டர் சிலிண்டர் 150 பார் நிரப்பியது என்றால், 20 பார் போக 1,300 லிட்டர்; இரண்டு இருந்தால் போதும். இது ஒருவருக்கான கணக்கு. ஒரே ஆழத்தில், ஒரே நேரம், ஒரே வேகத்தில் மேலே வந்த ஜோடியில் ஒருவருக்கு டிசிஎஸ் வந்தால் மற்றவருக்கும் வரலாம். ஆகவே இருவருக்குக் கணக்குப் போடுவதே சரி. ஒரே சிறிய சிலிண்டரோடு கிளம்பும் படகு, கைக்கு எட்டும் தூரத்தில் ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்துக்கு மட்டுமே பொருத்தம்.

ஆக்ஸிஜன் என்ன செய்கிறது என்று புரிந்திருந்தால், ஏன் இவ்வளவு அளவு, ஏன் இவ்வளவு செறிவு என்பதும் புரியும். ஆழத்தில் சுவாசித்த நைட்ரஜன் திசுக்களில் கரைந்திருக்கிறது; மேலே வரும்போது அது குமிழாகிறது. நூறு சதவீத ஆக்ஸிஜன் சுவாசித்தால் நுரையீரலில் நைட்ரஜனின் அழுத்தம் கிட்டத்தட்ட பூஜ்யம் ஆகிவிடும். திசுவிலும் குமிழிலும் இருக்கும் நைட்ரஜன் ரத்தம் வழியாக நுரையீரலுக்கு ஓடி வெளியேறும், குமிழ் சுருங்கும். குமிழ் அடைத்ததால் ரத்தம் குறைந்து தவிக்கும் திசுவுக்குக் கூடுதல் ஆக்ஸிஜன் போய்ச் சேருவது இரண்டாவது பலன். இதெல்லாம் செறிவு அதிகமாக இருந்தால்தான் நடக்கும். கையிருப்பு குறைவாக இருக்கிறதே என்று செறிவைக் குறைத்து இரண்டு மணி நேரம் இழுப்பதைவிட, முழுச் செறிவில் ஒரு மணி நேரம் கொடுப்பது மேல். முடிந்தவரை சீக்கிரம் தொடங்குவது அதைவிட மேல்.

மாஸ்க் எது என்பதில்தான் செறிவு கூடுவதும் குறைவதும். பெரும்பாலான கிட்களில் இருப்பது நான்-ரீபிரீதர் மாஸ்க். கீழே ஒரு பை தொங்கும். ஃப்ளோவை (நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வரும் என்ற அளவை) 15க்கு வைத்து, பைக்கு உள்ளே போகும் வால்வைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால் சில நொடிகளில் பை உப்பும். உப்பிய பிறகே முகத்தில் மாட்ட வேண்டும். மாட்டிய பிறகு கண் அந்தப் பைமேல் இருக்கட்டும். மூச்சு இழுக்கும்போது பை கொஞ்சம் வாட வேண்டும், விடும்போது மீண்டும் நிறைய வேண்டும். முழுக்க ஒட்டிப்போனால் ஃப்ளோ போதவில்லை. அசையவே இல்லை என்றால் மாஸ்க் முகத்தோடு சேரவில்லை, அவர் ஓரத்து இடுக்கு வழியாகக் காற்றைத்தான் இழுக்கிறார். மூக்குப் பாலத்தில் இருக்கும் உலோகப் பட்டையைக் கிள்ளிப் பொருத்தி, ரப்பர் பட்டையை இழுத்து இறுக்குங்கள். நன்றாகப் பொருந்தினாலும் இந்த மாஸ்கில் நூறு சதவீதம் கிடைக்காது. பை வற்றாத வரை ஃப்ளோவை 10 வரை இறக்கலாம், அதற்குக் கீழே வேண்டாம்.

டிமாண்ட் வால்வு இருந்தால், தானாகச் சுவாசிக்கும், சுயநினைவுள்ள டைவருக்கு அதுவே முதல் தேர்வு. இழுக்கும்போது மட்டும் வாயு வருவதால் வீணாவதில்லை. அமைதியாக மூச்சு விடுபவர் நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர்தான் செலவழிப்பார். நான் மேலே சொன்ன 450 லிட்டர் ஐம்பது நிமிடத்தை ஒட்டி வரும். செறிவும் கூடுதல். ஆனால் மாஸ்க் விளிம்பு காற்றுப் புகாமல் அமர வேண்டும். அடர்ந்த தாடி இருந்தால் கை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். இழுக்கும்போது 'ஸ்ஸ்' என்ற சத்தம், விடும்போது மாஸ்கில் ஆவி படிவது, இந்த இரண்டும் இருந்தால் வேலை செய்கிறது. மூச்சு பலவீனமானவரால் அந்த வால்வைத் திறக்க முடியாது, அவருக்கு நான்-ரீபிரீதர்தான். மூக்கில் செருகும் குழாய் இதற்கு மாற்றாகாது. அதில் செறிவு மிகக் குறைவு. கடையில் ஸ்ப்ரே டப்பா போல விற்கும் ஆக்ஸிஜனில் இருப்பது சில லிட்டர்கள். ஒரு நிமிடத்துக்குக்கூட வராது. வீட்டுக்கான கான்சென்ட்ரேட்டர் நிமிடத்துக்கு 5 லிட்டர் தருவது வழக்கம். சிலிண்டர் தீர்ந்த பிறகு ஒன்றுமில்லாததற்கு அது பரவாயில்லை, அவ்வளவே.

ஆக்ஸிஜனே இல்லாத படகில் நைட்ராக்ஸ் (சாதாரணக் காற்றைவிட ஆக்ஸிஜன் கூடுதலான கலவை) டாங்க் இருந்தால், இருப்பதிலேயே ஆக்ஸிஜன் விகிதம் அதிகமான டாங்க்கின் ரெகுலேட்டரைப் பாதிக்கப்பட்டவர் வாயில் கொடுங்கள். டெக்னிக்கல் டைவர்களின் டிகம்ப்ரஷன் டாங்க்கில் 50 சதவீதமோ சுத்த ஆக்ஸிஜனோ இருக்கும். லேபிளைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். மூக்கு வழியாகக் காற்று இழுக்காமல் இருக்க, டைவ் மாஸ்கை முகத்திலேயே விட்டுவைப்பது நல்ல வழி.

மாட்டும்போது நடக்கும் தவறுகள் பெரும்பாலும் ஒரே சிறிய பொருளில்தான் தொடங்குகின்றன: வாஷர். ஊசிகள் குழிகளில் பொருந்தும் 'பின் இண்டெக்ஸ்' வகை சிலிண்டரில், வால்வு முகப்பில் உள்ள துளைக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே ஒரு வாஷர் உட்காரும். ரெகுலேட்டரைக் கழற்றும்போது அது கீழே விழுந்து பலகை இடுக்கில் போய்விடும். அடுத்த முறை வால்வைத் திறந்தால் சத்தத்தோடு கசியும். அரை மணி நேர ஆக்ஸிஜன் பத்து நிமிடத்தில் போய்விடும். மாற்று வாஷர் இரண்டையும், வால்வு திறக்கும் சாவியையும் கயிற்றில் கட்டி ரெகுலேட்டரோடு தொங்கவிடுங்கள். சாவி வேறு பெட்டியில் இருந்தால் அது இல்லாததற்குச் சமம்.

வரிசை இப்படி: சிலிண்டரைப் படுக்கவைத்து உருளாமல் கட்டுங்கள். வால்வு முகப்பு ஆட்கள் பக்கம் பார்க்காமல் ஒரு நொடி லேசாகத் திறந்து மூடுங்கள், தூசி பறந்துவிடும். வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். ரெகுலேட்டரின் இரண்டு ஊசிகளும் வால்வின் இரண்டு குழிகளில் உட்கார்ந்த பிறகு திருகைக் கையால் மட்டும் இறுக்குங்கள். ஃப்ளோ பூஜ்யத்தில் இருக்கட்டும். வால்வை மெதுவாகத் திறங்கள். முள் ஏறி நின்ற பிறகு முழுச் சுற்று. கசிவுச் சத்தம் இல்லையென்றால் மாஸ்க் குழாயை மாட்டி ஃப்ளோவை வையுங்கள்.

மெதுவாக என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வால்வைச் சட்டென்று திறந்தால் வாயு பாய்ந்து அழுந்தி அந்த இடத்தில் வெப்பம் ஏறும். அங்கே துளி எண்ணெய் இருந்தால் தீப்பிடிக்கும். ஆக்ஸிஜன் சூழ்ந்த இடத்தில் உலோகம்கூட எரியும். டைவ் படகில் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. எஞ்சினைத் தொட்ட கை, சன்ஸ்கிரீன் பூசிய கை, ஓ-ரிங்குக்குத் தடவும் சிலிகான் கிரீஸ் எல்லாமே இதில் சேரும். துடைத்த பிறகே தொடுங்கள். கசியும் திருகுக்கு எந்த மசகும் போடாதீர்கள். சிகரெட், பெட்ரோல் கேன், அடைத்த கேபின் மூன்றும் தள்ளி இருக்கட்டும். கதவு மூடிய கேபினில் ஒருவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தால் அவர் விடும் ஆக்ஸிஜன் உள்ளேயே தேங்கும்; காற்றோட்டம் வேண்டும். ஏஇடி (நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி) வைத்து ஷாக் கொடுக்கும்போது மாஸ்கை மார்பிலிருந்து ஒரு மீட்டராவது விலக்குங்கள்.

இவ்வளவு தயாராக இருந்தும் ஆக்ஸிஜன் தாமதமாவதற்குப் பெரிய காரணம், பாதிக்கப்பட்டவரே ஒத்துக்கொள்ளாமல் இருப்பது. "டாங்க் தூக்கினதுல தோள் பிடிச்சிருக்கு", "வெயில்ல களைப்பா இருக்கு", "ராத்திரி சரியா தூங்கலை". டிசிஎஸ் அறிகுறிகள் இந்தச் சாக்குகளுக்குள் ஒளிந்துகொள்ளும். தோள் அல்லது முழங்கையில் ஆழமான வலி, வழக்கத்துக்கு மீறிய அசதி, மார்பிலோ வயிற்றிலோ வலைப்பின்னல் போன்ற நீலச்சிவப்புத் திட்டு, கை கால் மரத்தல், தலைசுற்றல், தள்ளாட்டம், மூச்சுத் திணறல் இவை எல்லாமே சந்தேகத்துக்குரியவை. இடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டியது போல வலி வந்தால் தாமதிக்கவே கூடாது. தண்டுவடம் பாதிக்கப்பட்டு அடுத்துக் கால் செயலிழக்கலாம். சிறுநீர் வரவில்லை என்பதும் அதே வகை. அதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தீர்கள் என்று நேராகக் கேளுங்கள்.

பாதிப் பேருக்கு மேலே வந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே அறிகுறி தொடங்கிவிடும்; பெரும்பாலானோருக்கு ஆறு மணி நேரத்துக்குள். மேலே வந்து பத்து நிமிடத்துக்குள் நினைவிழந்தாலோ ஒரு பக்கம் செயலிழந்தாலோ, நுரையீரல் கிழிந்து தமனிக்குள் காற்று போயிருக்க வாய்ப்பு அதிகம். மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தவருக்கு இது நடக்கும். படகில் இரண்டையும் பிரித்தறிய நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். முதலுதவி ஒன்றுதான். ஒரு டைவர் டைவுக்குப் பின் சரியாக இல்லை, வேறு தெளிவான காரணமும் இல்லை என்றால், ஆக்ஸிஜன் கொடுங்கள். தேவையில்லாமல் கொடுத்து ஒரு சிலிண்டர் வீணானால் நஷ்டம் அவ்வளவுதான்.

ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருக்கும்போதே நரம்புப் பரிசோதனையைச் செய்யலாம், ஐந்து நிமிடம் போதும். பெயர், இடம், நேரம் கேளுங்கள். உங்கள் விரலைக் கண்ணால் பின்தொடரச் சொல்லுங்கள். சிரிக்கச் சொல்லி முகம் ஒரு பக்கம் கோணுகிறதா என்று பாருங்கள். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் உங்கள் விரல்களை இறுக்கச் சொல்லுங்கள். பாதத்தால் உங்கள் கையைத் தள்ளவும் இழுக்கவும் சொல்லுங்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லி இரு கைகளிலும் கால்களிலும் மார்பிலும் லேசாகத் தொட்டு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிகிறதா என்று கேளுங்கள். மரத்துப்போன இடத்தை அவரே அறியாமல் இருப்பார், தொட்டால்தான் வெளிவரும். அதன் எல்லையைப் பேனாவால் தோலில் கோடிட்டு நேரத்தை எழுதிவையுங்கள். அடுத்த முறை பார்க்கும்போது எல்லை நகர்ந்திருந்தால் மருத்துவருக்கு அது பெரிய தகவல். நிற்கவைத்துப் பார்க்கும் சோதனை ஆடும் படகில் வேண்டாம்.

அவரை மல்லாக்கப் படுக்கவையுங்கள். வாந்தி வந்தாலோ நினைவு மங்கினாலோ பக்கவாட்டில் திருப்புங்கள். தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்தும் பழைய முறை கைவிடப்பட்டுவிட்டது. மூளை வீக்கத்தைக் கூட்டும், மூச்சும் சிரமமாகும். மூச்சே இல்லையென்றால் வேறு யோசனை வேண்டாம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு வீதம் சிபிஆர். பாக்கெட் மாஸ்கின் பக்கவாட்டுத் துளையில் ஆக்ஸிஜன் குழாயை மாட்டி 15இல் வையுங்கள். நல்ல நினைவோடு, வாந்தி இல்லாமல், சிறுநீர் கழிக்க முடிகிறவருக்குத் தண்ணீரோ உப்புச் சர்க்கரைக் கரைசலோ சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். மது கூடாது. வலி மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். வலி மறைந்தால் எது கூடுகிறது எது குறைகிறது என்று தெரியாமல் போகும். ஆம்புலன்ஸில் வலிக்குச் சுவாசிக்கக் கொடுக்கும் நைட்ரஸ் ஆக்சைடு கலவையை அவருக்குக் கொடுக்கவே கூடாது. அந்த வாயு குமிழுக்குள் புகுந்து அதைப் பெரிதாக்கும். ஆம்புலன்ஸ்காரர்களிடம் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரால் வரும் குழப்பத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். டிசிஎஸ் உள்ளவருக்கு அது 98, 99 காட்டலாம். மாஸ்க் மாட்டாதபோதும் அப்படியே காட்டியிருக்கும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் நாம் கொடுக்கவில்லை, நைட்ரஜனை வெளியேற்றக் கொடுக்கிறோம். டைவிங் மருத்துவம் பழகாத அவசர சிகிச்சைப் பிரிவில், எண் நன்றாக இருக்கிறது என்று மாஸ்கைக் கழற்றிவிடுவது நடக்கிறது. மரியாதையாக, ஆனால் உறுதியாக, "இவருக்கு டிகம்ப்ரஷன் நோய் இருக்கலாம் டாக்டர், அளவு எவ்வளவு காட்டினாலும் முழு ஆக்ஸிஜன் தொடரணும், ஒரு டைவிங் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். அறிகுறி குறைந்தாலும் இதே விதிதான். ஆக்ஸிஜனில் வலி போய், கழற்றிய சில மணி நேரத்தில் திரும்பி வருவது தெரிந்த விஷயம். குறையவில்லை என்றால் அது டிசிஎஸ் இல்லை என்றும் அர்த்தமல்ல.

அழைப்பின் வரிசையும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். முதலில் உள்ளூர் அவசர உதவி, அடுத்து டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் போன்ற டைவிங் அவசர எண். நேராக சேம்பருக்கு (உயர் அழுத்தத்தில் ஆக்ஸிஜன் கொடுக்கும் சிகிச்சை அறைக்கு) வண்டியை விடுவதே வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். வரைபடத்தில் இருக்கும் ஹைபர்பேரிக் சேம்பர் ஆறாத புண்ணுக்கு மட்டும் சிகிச்சை தருவதாக இருக்கலாம், இரவில் ஆள் இல்லாமல் இருக்கலாம், டைவர்களை ஏற்காமலும் இருக்கலாம். பக்கத்து மருத்துவமனையில் நிலையைச் சீராக்கிக்கொண்டு, அங்கிருந்து எந்த சேம்பர் என்று டைவிங் மருத்துவர் சொல்லட்டும். பரவலாகப் பின்பற்றப்படும் அமெரிக்கக் கடற்படையின் 6ஆம் அட்டவணைப்படி 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் தொடங்கி, நடுநடுவே காற்று இடைவேளை விட்டு, ஆக்ஸிஜன் கொடுத்து மேலே கொண்டுவர 4 மணி 45 நிமிடம் ஆகும். தண்ணீருக்குள் மீண்டும் இறக்கிச் சரிசெய்யலாம் என்ற யோசனை சாதாரண டைவ் படகில் எழவே கூடாது. காற்று டாங்க்கோடு இறங்கினால் இன்னும் நைட்ரஜன் ஏறும்; நினைவு தப்பினால் அங்கேயே மூழ்கிவிடுவார்.

கொண்டுபோகும் வழியில் உயரத்தைக் கவனியுங்கள். உயரம் கூடினால் வெளி அழுத்தம் குறைந்து குமிழ் பெரிதாகும். ஹெலிகாப்டர் என்றால் பாதுகாப்பாகப் பறக்க முடிகிற அளவு தாழ்வாக, 300 மீட்டருக்குள் என்பது வழக்கமான வரையறை. மலைப்பாதை வழியாக ஆம்புலன்ஸ் போனாலும் அதே சிக்கல் உண்டு.

நோயாளியோடு ஒரு தாள் போக வேண்டும். மேலே வந்த நேரம், அறிகுறி தொடங்கிய நேரம், ஆக்ஸிஜன் தொடங்கிய நேரம், எந்த மாஸ்க், எவ்வளவு ஃப்ளோ, நடுவில் எத்தனை நிமிடம் நின்றது, பரிசோதனையில் தெரிந்தது, குடித்தது, சிறுநீர். அவருடைய டைவ் கம்ப்யூட்டரும் (டைவின் ஆழத்தையும் நேரத்தையும் பதியும் கருவி) கூடவே போகட்டும். ஜோடியாக டைவ் செய்தவரைத் தனியே அறைக்கு அனுப்பிவிடாதீர்கள். அவரையும் ஒரு முறை பரிசோதியுங்கள்.

கிட்டைப் பராமரிப்பதில் பாதி வேலை உப்பையும் வெயிலையும் சமாளிப்பதுதான். வெயிலில் கிடந்த மாஸ்க் விறைத்துவிடும், பையின் மடிப்பு ஒட்டிக்கொள்ளும், ரப்பர் வால்வு சுருண்டுவிடும். பிரிக்காத உறையில் இருந்தாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ரெகுலேட்டரை மாட்டியே வைக்கலாம், ஆனால் சிலிண்டர் வால்வை மூடி, உள்ளே நிற்கும் வாயுவை வெளியேற்றி வையுங்கள். காற்றுப் புகாத பெட்டியில் லேசாகக் கசிந்தாலும் உள்ளே ஆக்ஸிஜன் நிறைந்துவிடும். சிலிண்டர் 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகக் கூடாது. பூட்டிய காரின் டிக்கியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நிறத்தை நம்பி வாயுவை அடையாளம் காணாதீர்கள். அமெரிக்காவில் பச்சை, வேறு பல நாடுகளில் வெள்ளை. லேபிள்தான் சாட்சி. ஒவ்வொரு நாளும் கிளம்பும் முன் வால்வைத் திறந்து அழுத்தத்தைப் படித்து, பார் கணக்கை நிமிடமாக மாற்றி, அன்றைய டைவ் விளக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்: "இன்று நம்மிடம் ஒருவருக்கு 170 நிமிடம் இருக்கிறது, தண்ணீரில் இறங்காமல் மேலே இருப்பவர் இவர்."

மாதம் ஒரு முறையாவது அந்த மேலே இருப்பவரையே, ஆடும் படகில், ஈரக்கையைத் துடைக்கவைத்து, பெட்டியைத் திறப்பதிலிருந்து பை உப்பும்வரை செய்யவையுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனால், எங்கே தாமதமானது என்று பாருங்கள். பெரும்பாலும் சாவியைத் தேடுவதிலோ மாஸ்க் உறையைக் கிழிப்பதிலோதான் நேரம் போயிருக்கும். பயிற்சியில் செலவான வாயுவை அன்றைக்கே குறித்து, அடுத்த பயணத்துக்கு முன் சிலிண்டரை நிரப்பக் கொடுத்துவிடுங்கள். ஆக்ஸிஜன் நிரப்ப எல்லா டைவ் கடைகளாலும் முடியாது, சில நாடுகளில் மருத்துவரின் சீட்டும் கேட்பார்கள். எங்கே நிரப்புவது, எத்தனை நாள் ஆகும் என்பதைச் சிலிண்டர் காலியாகும் முன்பே விசாரித்து வையுங்கள்.